சிலிண்டர் கேஸா... பெட்ரோலா? சில நொடியில் முடிவாகும் ரிஃபைனரி கணக்கு!

நம்ம வீட்டு கேஸ் சிலிண்டருக்கும் கணக்குப் பாடத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கு. இந்தியா தன் எல்பிஜி தேவையில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. வளைகுடாவில் பதற்றம் வந்தால் நம்ம அடுப்படி வரை கவலை வரும். அப்போதெல்லாம் எழும் கேள்வி: "உள்நாட்டு ரிஃபைனரியிலேயே கேஸை கூட்ட முடியாதா?" முடியும். ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு.

ரியாக்டருக்குள்ளே என்ன நடக்குது?

கச்சா எண்ணெயை வடித்து பெட்ரோல், டீசலைப் பிரித்த பிறகு கனமான எண்ணெய் மிஞ்சும். அதை உடைக்கிற இடம்தான் 'எஃப்சிசி' யூனிட். சுமார் 700 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும், மாவு மாதிரியான வினையூக்கித் துகள்களோடு எண்ணெய் சேர்ந்து, 'ரைசர்' என்ற உயரமான குழாயில் மேலே பாயும். சில நொடிகளில் பெரிய மூலக்கூறுகள் உடைந்து பெட்ரோலும் எல்பிஜியும் கிடைத்துவிடும்.

அதே நேரத்தில் துகள்கள் மேல் கரி படிந்து, அவற்றின் வேகம் குறையும். அந்தக் கரியை 'ரீஜெனரேட்டர்' கலனில் காற்று கொடுத்து எரிப்பார்கள். அந்தச் சூடுதான் அடுத்த சுற்று எண்ணெயை உடைக்கிறது. அதாவது, கழிவே எரிபொருள்!

கணக்கு எங்கே வருது?

எண்ணெயில் இருக்கும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் சமன்பாடு எழுதி மாளாது. 1960களின் கடைசியில் மோபில் நிறுவனத்தின் வெர்ன் வீக்மன் எளிய வழி சொன்னார். எல்லாத்தையும் 3 கூட்டமாகப் பிரி: கனமான எண்ணெய், பெட்ரோல், கேஸும் கரியும்.

இதில் தெரிந்த முக்கியமான விஷயம், பெட்ரோல் கூடிக்கொண்டே போகாது. ஒரு உச்சத்தைத் தொட்ட பிறகு, பெட்ரோலே உடைந்து கேஸாகவும் கரியாகவும் மாறும்.

ஆனா கேஸையும் கரியையும் ஒண்ணா வைத்தால் சிலிண்டருக்கு எவ்வளவு வரும்னு சொல்ல முடியாதே? அதனால் கூட்டங்கள் பெருகின. 1976-ல் 10 கூட்ட மாடல் வந்தது.

அப்போ சூட்டைக் கூட்டினால் போதுமா?

போதாது. கேஸ் கூடும், பெட்ரோல் குறையும். சிலிண்டரில் அடைக்க முடியாத மெல்லிய வாயுக்களும் கூடும். கரி அதிகமானால் ரீஜெனரேட்டர் தாங்கும் எல்லையைத் தாண்டும் ஆபத்தும் உண்டு. இந்த எல்லைகளை முன்கூட்டியே சொல்வதுதான் மாடலோட வேலை.

இதற்கென்றே வேறு வினையூக்கி, வேறு வடிவமைப்பும் உண்டு. இந்தியன் ஆயில் உருவாக்கிய 'இண்ட்மேக்ஸ்' தொழில்நுட்பம் எல்பிஜியைக் கூட்டத்தான். ஒடிசாவின் பாரதீப் ரிஃபைனரியில் இது இருக்கிறது.

மாடலை முழுசா நம்பலாமா?

2018 ஏப்ரல் 26, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். சுப்பீரியர் ரிஃபைனரியில் பராமரிப்புக்காக எஃப்சிசி யூனிட்டை நிறுத்தும்போது, ரீஜெனரேட்டர் பக்கத்துக் காற்று எண்ணெய் வாயுக்களோடு கலந்து வெடித்தது. பலர் காயமடைந்தனர், ஊர் மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

வழக்கமான ஓட்டத்துக்குப் பொருத்திய மாடல், நிறுத்தும் நேரத்துக்கு அப்படியே பொருந்தாது. அந்த நேரத்துக்குத் தனிக் கணக்கு, தனிப் பாதுகாப்பு வேணும்.

ஆக, "கேஸை கூட்டுங்க" என்பது வால்வைத் திருகுற வேலை இல்லை. எந்தப் பெட்ரோலை இழந்து, எவ்வளவு கரியைத் தாங்கி, எந்த எல்லைக்குள் என்பதுதான் உண்மையான கேள்வி.