உருப்போடாதே... உருவைப் போடு!



"ஆர்கானிக் கெமிஸ்ட்ரியா? ஆளை விடுப்பா!" நம் ஹாஸ்டல் வராந்தாவில் தினமும் கேட்கிற வசனம் இது. 'பெயரிடுக, அமைப்பு வாய்பாடு வரைக' என்று கேள்வி வந்தால் சாய்ஸில் விட்டுவிடுவோம். இல்லையென்றால் முதல்நாள் ராத்திரி உட்கார்ந்து உருப்போடுவோம். நானும் இந்தக் கட்சியில் இருந்தவன்தான். பரிசாகக் கிடைத்தது ஓர் அரியர்!

அந்தப் பரீட்சையில் நான் எழுதிய விடை '2-எத்தில் புரப்பேன்'. அப்படி ஒரு பெயரே கிடையாது. நேர்கோட்டில் இருந்த மூன்று கார்பனை எண்ணினேன். கிளையில் வளைந்து போனதை விட்டுவிட்டேன். வளைவோடு சேர்த்து எண்ணினால் நீண்ட சங்கிலியில் நான்கு கார்பன். சரியான பெயர் 2-மெத்தில் பியூட்டேன். ரயில் வளைவில் திரும்பினால் பெட்டி குறைந்துவிடுமா, என்ன?

படத்தைப் போட்டு விரலால் எண்ணியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. நீண்ட சங்கிலியைக் கண்டுபிடி, கிளைக்குச் சின்ன எண் வருகிற பக்கத்திலிருந்து எண்ணு, கிளைகளை ஆங்கில அகரவரிசையில் எழுது. பெரும்பாலான கணக்கு இதிலேயே முடிந்துவிடும்.

"மனப்பாடம் பண்ணினாலும் மார்க் வருதே!" என்பீர்கள். சரி, பத்து கார்பன் உள்ள டெக்கேனுக்கு மட்டும் 75 அமைப்பு மாற்றியங்கள். எத்தனையை உருப்போடுவீர்கள்? 1892-ல் ஜெனீவாவில் வேதியியலார்கள் கூடி முறையான பெயரிடலுக்கு அடித்தளம் போட்டதே இந்தத் தலைவலி தீரத்தான். 1919-ல் தோன்றிய ஐ.யு.பி.ஏ.சி. அந்த வேலையைத் தொடர்ந்தது. விதி தெரிந்தால் பெயரிலிருந்து படம், படத்திலிருந்து பெயர் தானாக வரும்.

அதற்காகப் பழைய பெயர்களை ஒதுக்கிவிட முடியுமா? முடியாது! இன்-பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில் நான் பட்ட அவமானத்தைக் கேளுங்கள். "தம்பி, ஸ்டோர்ல போய் எம்.டி.சி. இருக்கான்னு பாரு" என்றார் ஆபரேட்டர் அண்ணன். போய்ப் பார்த்துவிட்டு, "இல்லண்ணே" என்றேன். அவரே வந்து 'டைகுளோரோமீத்தேன்' என்று லேபிள் ஒட்டிய கேனைத் தட்டிக் காட்டினார். "இதுதான் தம்பி மெத்திலீன் டைகுளோரைடு. எட்டாங்கிளாஸ் படிச்ச எனக்குத் தெரியுது. டிப்ளமோ படிக்கிற உனக்குத் தெரியலையா?" பக்கத்திலேயே இன்னொரு கேன், டிரைகுளோரோமீத்தேன்! அதாவது குளோரோபார்ம். ஏதோ ஒன்று என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால்? நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

பெயரில் ஓரெழுத்து மாறினால் ஆளே மாறிவிடும். எத்தனாலில் இரண்டு கார்பன், மெத்தனாலில் ஒன்று. இரண்டும் நிறமில்லாத திரவம்தான். ஆனால் மெத்தனால் உடம்புக்குள் போனால் பார்மால்டிஹைடாகி, பிறகு பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலிவாங்கியது. அது பெயர்க் குழப்பத்தால் நடந்ததல்ல, பேராசையால் நடந்தது. ஆனாலும் நாளைக்கு டேங்கருக்கும் டிரம்முக்கும் கையெழுத்துப் போடப்போகிற நாம், அந்த ஒரு கார்பனின் விலை தெரிந்தவர்களாக இருக்க வேண்டாமா?

வாய்பாடு மட்டும் தெரிந்தாலும் போதாது. கார்பன் 2, ஹைட்ரஜன் 6, ஆக்ஸிஜன் 1 என்று எழுதினால் அது 78 டிகிரியில் கொதிக்கும் எத்தனாலாகவும் இருக்கலாம். சாதாரண அறை வெப்பத்தில் வாயுவாகிவிடும் டைமெத்தில் ஈதராகவும் இருக்கலாம். எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று படம்தான் சொல்லும்.

ஆகவே என் கருத்து இதுதான். நாம் படத்தைப் போட்டுவிட்டுப் பெயரை எழுதுவோம். ஆசிரியப் பெருமக்கள் கரும்பலகையில் முறைப்பெயருக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலைப் பெயரையும் எழுத வேண்டுகிறேன். மாடல் கிட் இல்லையே என்ற கவலை வேண்டாம். களிமண் உருண்டையும் ஈர்க்குச்சியும் போதும், மீத்தேனின் நாலு கையும் கண்முன்னே நிற்கும்.

அந்த அரியரை அடுத்த தடவை இப்படித்தான் நான் கிளியர் பண்ணினேன். பென்சிலைத் தீட்டுங்கள், நண்பர்களே!