ஆங்கிலச் சொல்லும் அறுவடைக் களமும்

சென்ற தைத் திங்களில் ஒரு நாள். உத்திரமேரூரை அடுத்த சிற்றூர்ப் பள்ளியொன்றில், ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி எம் முன் எழுந்து நின்றாள். 'ஆர்வெசுட்டு' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டோம். முதிர்ந்த விளைச்சலைத் திரட்டும் செயல் என்னும் வரையறையை, அச்சிட்டிருந்த ஆங்கிலத்திலேயே ஓரெழுத்தும் பிறழாமல் ஒப்பித்தாள். "நன்று. அப்படியென்றால் என்னம்மா?" என்றோம். விழித்தாள். சாளரத்திற்கு வெளியே, கூப்பிடு தொலைவில், சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அவள் தாய் அக் களத்திலேதான் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்! கையால் சுட்டிக் காட்டினோம். "அறுப்பா, ஐயா?" என்று கேட்டாள் அச் சிறுமி. அவள் முகத்தில் அப்போது தோன்றிய வியப்பு இன்னும் எம் கண்ணை விட்டு அகலவில்லை.

குற்றம் அவளுடையதா? அறியாத சொல்லை அறியாத சொற்களால் விளக்கிவிட்டு, அதற்குக் கல்வி என்று பெயரிட்டவர் குற்றமன்றோ அது?

ஆங்கிலம் வேண்டா என்பார் அல்லேம் யாம். கற்க வேண்டிய மொழியைக் கசடறக் கற்க வேண்டும் என்பதே எம் கொள்கை. யாமும் கல்லூரியில் ஆங்கிலம் பயின்றவரே. ஆனால் எமக்கு அதைக் கற்பித்த ஆசிரியர் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லையும் முதலில் தமிழால் தொட்டுக் காட்டினார். பின்னரே ஆங்கிலத் தொடரில் அமைத்துக் காட்டினார். அதனால் ஆங்கிலமும் வந்தது, தமிழும் கெடவில்லை.

இந் நெறி புதியதன்று. பொருளுக்குப் பொருள், அதற்கும் பொருள் என்று தேடிச் சென்றால் அதற்கு எல்லையே இராது என்று தொல்காப்பியர் உரியியலில் அன்றே உணர்த்திவிட்டார். வெளிப்படையாய் விளங்கும் சொல்லுக்கு விளக்கம் வேண்டா. பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்தி விளக்குக. கேட்போனின் உணரும் ஆற்றலே உணர்ச்சிக்கு வாயில் என்பன அவர் வகுத்த முறை. அகரமுதலி செய்வார்க்கும் ஆசிரியர்க்கும் இதனினும் தெளிவான அறிவுரை வேறெங்கு உண்டு?

மேலையர் இவ் வுண்மையை உணர்ந்ததும் இந் நிலப்பரப்பிலேதான். வங்கத்துத் தாக்கா நகரில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெசுட்டு என்னும் ஆங்கிலேயர், ஆங்கிலம் கற்கும் வங்கச் சிறுவர் படும் பாட்டை நேரிற் கண்டவர். அவர் 1926-இல் இருமொழிக் கல்வி பற்றி நூல் எழுதினார். 1935-இல் அவரும் துணைவர் ஒருவரும் வெளியிட்ட அகரமுதலியில் ஏறத்தாழ 24,000 சொற்களும் தொடர்களும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கப்பட்டன. சப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஆரன்பி என்பார், சொல் தொடரில் எவ்வாறு அமையும் என்பதை எடுத்துக்காட்டுகளால் விளக்கும் அகரமுதலியைத் தோக்கியோவில் 1942-இல் வெளிக்கொணர்ந்தார். 1978-இல் வந்த இலாங்மன் அகரமுதலி 2,000 சொற்களை எல்லையாக வைத்துக்கொண்டது. 1987-இல் வந்த கோபில்டு அகரமுதலி, வரையறைகளையே முழுத் தொடர்களாக எழுதியது.

நன்முயற்சிகளே இவை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்மின்! அந்த 1,490 சொற்களை அறிந்தவனுக்கே அவ் வகரமுதலி திறக்கும். அந்த 1,490-ஐ எம் சிற்றூர்ப் பிள்ளை எதைக் கொண்டு கற்பான்? தாய்மொழியைக் கொண்டன்றி வேறு எதைக் கொண்டு கற்பான்? தமிழ் என்னும் படியை இடித்துவிட்டு மாடிக்கு ஏறச் சொல்கின்றனர். 2012-13 கல்வியாண்டு தொட்டு அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்ட பின், இக் கேடு ஏழையின் குடிசை வரை எட்டிவிட்டது.

இனி, ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பொருள் எழுதித் தரும் கையேடுகளும் நன்மை செய்வன அல்ல. 'ரைசு' என்பதற்கு 'அரிசி' என்று எழுதிக்கொண்ட பிள்ளை, வயலில் நிற்பதும் அரிசி, இலையில் இட்டதும் அரிசி என்றே எண்ணுவான். நெல், அரிசி, சோறு என்று நாம் பிரித்துணரும் மூன்றையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குகிறது. எப்போது எப்பொருள் என்பதை எடுத்துக்காட்டுத் தொடர்தான் காட்டும். இவ் வேறுபாட்டைக் கற்பிக்காத ஆங்கிலக் கல்வி, ஆங்கிலத்தையும் தருவதில்லை. சோறு என்னும் சொல்லையும் நாவினின்று பறித்துவிடுகிறது. இன்று உணவகங்களில் சோறு கேட்பார் எத்தனை பேர்?

வரையறையின் வலிமையை அறிய எம் ஊரார் அயலகம் செல்ல வேண்டியதில்லை. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தகச் சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921-இல், பொறித்த குடவோலைக் கல்வெட்டைக் காண்க. வடசொற் கலப்பு மிக்கதே, மறுக்கவில்லை. ஆயினும் அதிலுள்ள தெளிவைப் பாருங்கள்! வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர் என்று விதிக்குமிடத்து, 'உறவினர்' என்னும் ஒரு சொல்லோடு அவையோர் நிறுத்திக்கொள்ளவில்லை. சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயுடன் பிறந்தான், தந்தையுடன் பிறந்தான் என்று ஒவ்வோர் உறவையும் தனித்தனியே எண்ணிப் பொறித்தனர். நாளை ஒருவன் ஐயம் கிளப்பி நழுவிவிடக் கூடாதன்றோ! இவ்வாறு சொல்லை அளந்து வழங்கிய ஊரின் பிள்ளைகள் இன்று மாமனையும் சிற்றப்பனையும் ஒருங்கே 'அங்கிள்' என்கின்றனர். எத்துணை இழிவு!

எம் பக்கத்துக் குறையையும் மறைத்தல் ஆகாது. தூய தமிழ்ச் சொற்களை ஆக்கித் தருகிறோம். அவற்றுக்கு வரையறை தருகிறோமா? வாழ்க்கையினின்று எடுத்த தொடரில் அமைத்துக் காட்டுகிறோமா? மொழிஞாயிறு பாவாணர் 1974-இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணியில் தம் இறுதிக் காலத்தை ஈந்து 1981-இல் மறைந்தார். முதல் மடலம் 1985-இல்தான் வெளிவந்தது. சொல்லின் வேரைக் காட்டும் அருஞ்செல்வம் அது. ஆனால் இக்கால வழக்கை எடுத்துக்காட்டுத் தொடர்களோடு விளக்கும் தமிழகரமுதலியை 1992-இல் ஒரு தனியார் பதிப்பகமான கிரியா அன்றோ செய்தது? அதில் அயற்சொற்கள் உள்ளன என்று குறை கூறுமுன், அத்தகைய ஒன்றை நாம் ஏன் செய்யவில்லை என்று நம் நெஞ்சைக் கேட்போமாக.

எனவே ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோர்க்கும் யாம் கூறுவது இது. ஆங்கிலச் சொல்லைப் பிள்ளை ஏட்டில் எழுதட்டும். அதன் கீழே தமிழில் வரையறை. அதற்கும் கீழே தன் ஊர், தன் வயல், தன் வீடு பற்றி அச் சொல் அமைந்த மூன்று ஆங்கிலத் தொடர்கள். இறுதியில் அதே கருத்தைக் கலப்பற்ற தமிழில் ஒரு தொடர். நாளொன்றுக்கு ஐந்து சொல் போதும். ஆண்டிற்கு 200 பள்ளி நாள் என்று கொண்டாலும் 1,000 சொல் ஆகும். ஓராண்டில் ஆயிரம் சொல்லைப் பொருளுணர்ந்து கற்ற பிள்ளை, ஐயாயிரம் சொல்லை ஒப்பித்து மறந்த பிள்ளையை எளிதில் வெல்வான்.

அன்பர்களே! இத் திங்களில் உங்கள் தெருவில் ஒரேயொரு பிள்ளையை அழைத்து இம் முறையில் பத்துச் சொல் கற்பியுங்கள். அயல்மொழியை அயல்மொழியாகவே கற்று, தாய்மொழியைத் தாய்மொழியாகவே காக்கும் தலைமுறை அந்தப் பத்துச் சொல்லிலிருந்து முளைக்கட்டும். களத்தில் நிற்கும் தாயைக் கண்ணாற் கண்டும், அவள் செய்யும் தொழிலுக்குத் தான் ஒப்பித்த சொல்லே பெயர் என்று அறியாது விழிக்கும் நிலை இனி எம் மண்ணில் எந்தப் பிள்ளைக்கும் நேராதிருக்கட்டும்!