71.4 - ஒரு கணக்குப்பிள்ளையின் புலம்பல்

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுட்டு சித்த நேரம் கண் அசரலாம்னு பாயை விரிச்ச நேரத்துல அக்கா மகள்கிட்டேருந்து போன். அவ சென்னையில ஒரு லேப்ல உண்ணிக் காய்ச்சல் பத்தி ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்கினவ. ஸ்க்ரப் டைஃபஸ்னு பேப்பர்ல போடுவானே, அதாங்க. புதர்ல, வயக்காட்டுல இருக்கற கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல். கடிச்ச எடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்பு வடு இருக்கும். டாக்டர் அதைப் பாத்துட்டார்னா டாக்ஸிசைக்ளின் மாத்திரையில சரியாப் போயிடும். பாக்காம விட்டா, கிட்னி, நுரையீரல்னு ஒவ்வொண்ணா படுத்து ஆளையே கொண்டு போயிடும்.

"மாமா, இன்டர்வியூல கழட்டி விட்டுட்டாங்க."

"ஏம்மா, நல்லாத்தானே பண்ணேன்னு சொன்னே?"

"என் பேப்பரெல்லாத்துக்கும் இம்பாக்ட் ஃபேக்டரைக் கூட்டினாங்க. ஏழு பேப்பர், மொத்தமா 19 சொச்சம். எனக்கு அடுத்து உள்ள போனவருக்கு மூணே பேப்பர். ஆனா அதுல ஒண்ணு 2020ல வந்த கோவிட் பேப்பர். அதுல அவர் பதினாலாவது பேர். அந்த ஒண்ணுக்கே 71.4 போட்டுட்டாங்க மாமா."

தூக்கம் போச்சு. நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருபத்தி ரெண்டு வருஷமா குப்பை கொட்டறவன். கிருமி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரு நம்பரைக் காட்டினா அது எப்படி வந்துச்சுன்னு கேக்காம இருக்க முடியாது, தொழில் புத்தி. அன்னிக்கு ராத்திரி உக்காந்து இந்த 71.4-ஐ நோண்ட ஆரம்பிச்சேன். அதோட விளைவு இந்தப் பதிவு. நீளம் கொஞ்சம் ஜாஸ்தி, பொறுத்தருள்க.

முதல்ல இந்த இம்பாக்ட் ஃபேக்டர்ங்கறது என்ன? ஒரு ஜர்னல் 2019லயும் 2020லயும் போட்ட கட்டுரைகளை, 2021ல வந்த மத்த கட்டுரைகள் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்குன்னு எண்ணணும். அதை, அந்த ரெண்டு வருஷத்துல ஜர்னல் போட்ட கட்டுரைகளோட எண்ணிக்கையால வகுக்கணும். வர்றதுதான் 2021க்கான இம்பாக்ட் ஃபேக்டர். அம்புட்டுதான். மூணாங்கிளாஸ் வகுத்தல். யூஜின் கார்ஃபீல்டுன்னு ஒரு அமெரிக்கர் 1955லயே இந்த மேற்கோள் கணக்கு யோசனையை எழுதினார். 1975லேருந்து ஜர்னல்வாரியா வருஷா வருஷம் பட்டியல் வருது. நூலகம் எந்த ஜர்னலுக்கு சந்தா கட்டலாம்னு முடிவு பண்றதுக்கு ரொம்ப உதவியான நம்பர். அந்த நம்பர் எப்படி ஒரு பொண்ணோட நெத்தியில போய் ஒட்டுச்சுங்கறதுதான் என் கேள்வி.

இப்ப 71.4. இது 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்'ங்கற ஜர்னலோடது. 2001ல ஆரம்பிச்சது, தொத்து நோய்க்குன்னு இருக்கற ஜர்னல்கள்ல பெரிய தலைக்கட்டு. அதோட நம்பரை வரிசையா எழுதிப் பாத்தேன்.

2019ல 24.4. 2020ல 25.1. 2021ல 71.4. 2022ல 56.3. 2023ல 36.4.

எங்க ஆபீஸ்ல ஒரு பார்ட்டியோட விற்பனை இப்படி ஒரே வருஷத்துல மூணு மடங்கு ஏறி, அடுத்த ரெண்டு வருஷத்துல பாதியா இறங்கினா, "என்ன அண்ணாச்சி நடந்துச்சு"ன்னு கேக்காம கையெழுத்துப் போட மாட்டோம். இங்க நடந்தது நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். கொரோனா. உலகத்துல இருந்த அத்தனை லேபும் ஒரே விஷயத்தைப் பத்தி எழுதினாங்க. எழுதின ஒவ்வொருத்தரும் 2020 ஆரம்பத்துல வந்த அதே பத்து இருபது கட்டுரைகளை மேற்கோள் காட்டினாங்க. 2020 கட்டுரைகள் அந்த ரெண்டு வருஷ ஜன்னல்ல இருக்கற வரைக்கும் நம்பர் ஆகாசத்துல. 2023 கணக்குல 2020 ஜன்னலை விட்டு வெளிய போச்சு, நம்பரும் இறங்கிடுச்சு. ஜர்னல் நடுவுல மூணு மடங்கு நல்லதாவும் ஆகல, அப்புறம் பாதியா கெட்டும் போகல.

இதுல எனக்கு வாய் பிளந்து போன விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த ஜர்னல்ல அப்ப ஓஹோன்னு மேற்கோள் காட்டப்பட்டதுல ஒண்ணு ரெண்டே பக்கக் கடிதம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல சிவப்புப் புள்ளி வச்ச உலக மேப் ஒண்ணு போட்டாங்களே, டிவியில தினமும் காட்டுவானே, அதைச் செஞ்ச லாரன் கார்ட்னர் குழு "இப்படி ஒரு டேஷ்போர்டு வச்சிருக்கோம்"னு 2020 பிப்ரவரியில எழுதின கடிதம். உபயோகமான வேலை, தப்பே சொல்ல மாட்டேன். 2020ல நானே அந்த மேப்பைப் பாத்துட்டுத்தான் படுக்கப் போவேன். ஆனா கணக்கைப் பாருங்க. கடிதம், தலையங்கம் இதெல்லாம் வழக்கமா வகுக்கற எண்ணிக்கையில, அதாவது கீழ, சேராது. ஆனா அதுக்கு வர்ற மேற்கோள் மட்டும் மேல சேரும்! வரவை எழுதிக்கிட்டு செலவை எழுதாம விடற கணக்கு. எங்க ஆபீஸ்ல இப்படிப் பண்ணிட்டு வந்தா பார்ட்டியைத் திருப்பி அனுப்பிடுவோம். அறிவியல் உலகத்துல இதை வச்சு வேலை கொடுக்கறாங்க.

இன்னொரு கதையும் சொல்லிடறேன், இது கொஞ்சம் சோகமான கதை. 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ஆன்டிமைக்ரோபியல் ஏஜென்ட்ஸ்'னு ஒரு ஜர்னல். 2020 மார்ச்சுல ஃப்ரான்ஸ்ல மார்செய் நகரத்துலேருந்து ஒரு கட்டுரை அங்க போச்சு. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுத்தா கொரோனா வைரஸ் குறையுதுன்னு. மார்ச் 16 அனுப்பினாங்க, 17 ஏத்துக்கிட்டாங்க, 20 இணையத்துல வந்துடுச்சு. எழுதினவங்கள்ல ஒருத்தர் அந்த ஜர்னலோட தலைமை ஆசிரியர். (பரிசீலனையில அவர் தலையிடலைன்னு ஜர்னல் சொல்லிச்சு. சொல்லிட்டுப் போகட்டும்.) மருந்து கொடுத்தது 26 பேருக்கு. கடைசிக் கணக்குல வந்தது 20 பேர். மீதி ஆறு பேர் எங்கன்னா, மூணு பேர் ஐசியூவுக்குப் போயிட்டாங்க, ஒருத்தர் செத்துட்டார், ஒருத்தர் ஆஸ்பத்திரியை விட்டுப் போயிட்டார், ஒருத்தர் குமட்டலால மருந்தை நிறுத்திட்டார். வசூலாகாத பாக்கியையெல்லாம் பேரேட்டுலேருந்தே கிழிச்சுப் போட்டுட்டு "பாருங்க, லாபம்"னு காட்டற மாதிரி.

அந்தக் கட்டுரையை 3000 தடவைக்கு மேல மேற்கோள் காட்டியிருக்காங்க. அதுல எத்தனை பேர் "இது தப்பு"ன்னு சொல்றதுக்காகவே காட்டினாங்களோ, எண்ணற மிஷினுக்குத் தெரியாது. திட்டினாலும் ஒரு ஓட்டு, புகழ்ந்தாலும் ஒரு ஓட்டு. ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டர் 5.3லேருந்து 2021ல 15.4க்குப் போச்சு. அந்த ஒரு கட்டுரைதான் காரணம்னு சொல்லல, மத்த கோவிட் கட்டுரைகளும் இருந்துச்சு. ஆனா அதோட பங்கு இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. கடைசியில 2024 டிசம்பர்ல அந்தக் கட்டுரையை ஜர்னல் வாபஸ் வாங்கிச்சு. நாலே முக்கால் வருஷம் கழிச்சு! வாபஸ் ஆன கட்டுரை சம்பந்தப்பட்ட மேற்கோளை இனிமே கணக்குல சேக்க மாட்டோம்னு பட்டியல் போடற க்ளாரிவேட் கம்பெனி 2025ல அறிவிச்சாங்க. நல்லது. ஆனா அந்த 15.4 வச்சு வேலையும் ப்ரமோஷனும் வாங்கினவங்ககிட்டேருந்து யார் திருப்பி வாங்கப் போறா?

நம்ம ஊரு வலைப்பதிவு உலகத்துல பழம் தின்னு கொட்டை போட்டவங்களுக்கு இது புதுசா இருக்காது. தமிழ்மணம் இருந்த காலத்துல சூடான இடுகைன்னு ஒரு பகுதி இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? படம் ரிலீஸ் ஆன அன்னிக்கு விமர்சனம் போட்டா ஹிட்ஸ் பிச்சுக்கும். யாரையாவது வம்புக்கு இழுத்தா அதைவிடப் பிச்சுக்கும். வருமான வரிப் படிவத்தை எப்படி நிரப்பறதுன்னு நான் மாங்கு மாங்குன்னு எழுதின பதிவுக்கு அன்னிக்கு வந்தது பதினோரு பேர், அதுல நாலு பேர் நானே. ஆனா அதுக்கப்புறம் பல வருஷம் கூகுள்லேருந்து யாராவது ஒருத்தர் அதுக்கு வந்துக்கிட்டே இருந்தாங்க. சூடான இடுகையை வச்சு யாருக்கும் அப்ப வேலை கொடுக்கல, அது ஒண்ணுதான் வித்தியாசம் :-)

இந்த "மெதுவா, ரொம்ப நாளைக்கு" வகைக்கு நம்ம சென்னையிலயே ஒரு உதாரணம் இருக்கு. சேத்துப்பட்டு டிபி ஆராய்ச்சி நிலையம். 1956ல ஆரம்பிச்சது. அப்பல்லாம் காசநோய்னா சானடோரியத்துல போட்டு, நல்ல சாப்பாடு, ஓய்வு, காத்தோட்டம்னு மாசக்கணக்கா வச்சிருப்பாங்க. நோயாளிங்க எக்கச்சக்கம், படுக்கை கொஞ்சம். வாலஸ் ஃபாக்ஸ்ங்கற ஆங்கிலேய டாக்டர் தலைமையில ஒரு குழு, சென்னை ஏழை ஜனங்க 193 பேரை ரெண்டு பிரிவாப் பிரிச்சு, பாதிப் பேருக்கு வீட்டுலயே வச்சு மருந்து, பாதிப் பேருக்கு சானடோரியத்துல மருந்துன்னு ஒரு வருஷம் கொடுத்துப் பாத்தாங்க. வீட்டுல 86 சதவீதம், சானடோரியத்துல 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கிடுச்சு. குடிசையில, அரை வயித்துச் சாப்பாட்டுல இருந்தவங்களுக்கும் மருந்து கிட்டத்தட்ட அதே அளவு வேலை செஞ்சிருக்கு. வீட்டுல கூட இருந்தவங்களுக்கு அதனால நோய் கூடுதலா ஒட்டவும் இல்ல. 1959ல உலக சுகாதார நிறுவனத்தோட புல்லட்டின்ல வந்துச்சு. உலகம் பூரா சானடோரியங்களை மூடினதுக்குப் பின்னாடி இந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னிக்கு அரசு ஆஸ்பத்திரியில மாத்திரையை வாங்கிட்டு வீட்டுக்குப் போற ஒவ்வொரு டிபி நோயாளியும் அந்தக் கட்டுரையோட மேற்கோள்தான், எந்தப் பட்டியல்லயும் வராத மேற்கோள். ரெண்டு வருஷ ஜன்னல் வழியாப் பாத்தா இதுக்கு என்ன மார்க் விழும்?

அதுக்காக மேற்கோள் எண்ணிக்கையே வேஸ்ட்னு ஜல்லியடிக்க மாட்டேன். அதே லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்ல 2010 ஆகஸ்ட்ல ஒரு கட்டுரை வந்துச்சு. எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் லேசுல மசியாத கிருமிகள், என்டிஎம்-1னு ஒரு என்ஸைம். முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தோட தரமணி வளாகத்துல இருந்த நம்மாளு. சென்னையில மட்டும் 44 மாதிரிகள்ல அது இருந்துச்சு. அந்தப் பேருல 'நியூ டெல்லி' இருந்ததால டெல்லியில ஒரே ரகளை. இந்தியாவோட மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கற சதின்னு பார்லிமென்ட் வரைக்கும் போச்சு. பேர் வச்சது தப்புதான்னு லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் 2011 ஜனவரியில டெல்லிக்கே வந்து வருத்தம் தெரிவிச்சார். ஆனா விஷயம் நிஜம். அதுக்கப்புறம்தான் நம்ம அரசாங்கம் ஆன்டிபயாட்டிக் கொள்கைன்னு ஒண்ணு போட்டுச்சு, 2014லேருந்து முக்கியமான பல ஆன்டிபயாட்டிக்குகளை மருந்துக் கடையில சீட்டு இல்லாமக் கொடுத்தா நோட்டுல எழுதணும்னு சொல்ற எச்1 பட்டியலும் வந்துச்சு... இருங்க, தப்பாச் சொல்லிட்டேன், சீட்டு இல்லாமக் கொடுக்கவே கூடாது, சீட்டோட கொடுத்தாலும் நோட்டுல எழுதணும். (எங்க தெரு மருந்துக்கடைக்காரர் ரெண்டாவதை மட்டும் பண்றதில்ல. முதலாவதையும் பண்றதில்ல.) அந்தக் கட்டுரைக்கு மேற்கோள் குவிஞ்சது நியாயமான குவியல். அதை மதிக்கணும். ஆனா அந்த மரியாதை அந்தக் கட்டுரைக்கு. அதே இதழ்ல பக்கத்துப் பக்கத்துல வந்ததாலயே இன்னொரு கட்டுரைக்கு அதுல பங்கு கிடையாது.

இதையெல்லாம் புதன்கிழமை ராத்திரி அக்கா மகள்கிட்ட ஆவேசமா படிச்சுக் காட்டினேன். ஆமாம் மாமான்னு குதிப்பான்னு நினைச்சேன். அவ கொஞ்ச நேரம் பேசல.

"மாமா, அந்த நம்பரை எடுத்துட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? கமிட்டில அஞ்சு பேர் உக்காந்து, இந்தப் பொண்ணு யாரு, எந்த ஊரு, யாரோட ஸ்டூடண்ட்னு பேசி முடிவு பண்ணுவாங்க. நம்மளுக்கு யாரைத் தெரியும்? அம்மா டைலரிங் பண்றாங்க. நம்பர் முட்டாள்தான். ஆனா அதுக்கு சாதி தெரியாது மாமா."

இதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல. சிபாரிசுக்குப் பயந்துதான் மார்க் வந்துச்சுங்கறது உண்மை. முப்பது வருஷம் முன்னாடி நான் வேலைக்கு அலைஞ்சப்ப சிபாரிசுக் கடிதாசு எத்தனை பாத்திருக்கேன். ஆனா இந்த நம்பருக்கும் ஆள் பலம் தெரியும்மான்னு சொன்னேன். பெரிய லேப்ல இருந்தா பதினாலாவது பேரா சேர முடியும். உன் லேப்ல உங்க மேடமும் நீயும் ஒரு ஃப்ரிட்ஜும்தான்.

சிரிச்சா.

நான் கேக்கறது பெரிய புரட்சி ஒண்ணுமில்ல. ஆளை எடுக்கும்போது ஜர்னல் பேரையும் நம்பரையும் மறைச்சுட்டு, "உன் வேலையில சிறந்தது மூணு கொடு"ன்னு வாங்கி, வெளியூர்லேருந்து அந்தத் துறை தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. அதுல நீ என்ன செஞ்சேன்னு ஆளைக் கேளுங்க. பதினாலாவது பேர்க்காரரும் சொல்லட்டும், நிஜமாவே உழைச்சிருந்தா அவருக்கும் இதுல நல்லதுதான். ஜர்னல் நம்பரை வச்சு ஆளை எடை போடாதீங்கன்னு 2012ல சான் ஃப்ரான்சிஸ்கோவுல கூடிப் பேசி, டோரான்னு ஒரு பிரகடனமே போட்டு, உலகம் பூரா ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டிருக்கு. இங்க நாம இன்னும் கால்குலேட்டரைத் தட்டி சராசரிகளைக் கூட்டிக்கிட்டு இருக்கோம். சராசரியைக் கூட்டறது! எங்க சீனியர் இருந்திருந்தா ஃபைலைத் தூக்கி மூஞ்சியில அடிச்சிருப்பார்.

அடுத்த கட்டுரையை எந்த ஜர்னலுக்கு அனுப்பறதா உத்தேசம்னு கேட்டேன். தலைப்புல கோவிட்னு ஒரு வார்த்தை சேத்தா பெரிய எடத்துல போகும்னு லேப்ல ஒருத்தர் யோசனை சொன்னாராம். இவகிட்ட இருக்கறது ஒரு மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கு மழைக்கால முடிவுல வந்த காய்ச்சல்காரங்க ரத்த மாதிரி. அதுல கோவிட் எங்கேருந்து வரும்? கடைசியில உண்ணிக் காய்ச்சல்னே பேர் வச்சு, அந்த ஊர் டாக்டர்கள் படிக்கற மாதிரி காசில்லாம இணையத்துல கிடைக்கற ஒரு ஜர்னலுக்கு அனுப்பிட்டா. இம்பாக்ட் ஃபேக்டர் 3 சொச்சம். ரெண்டு பரிசீலகர்கள்ல ஒருத்தர் பதில் போட்டுட்டாராம், இன்னொருத்தருக்காக வெயிட்டிங்.

டிஸ்கி: அக்கா இந்தப் பக்கம் வர்றதில்லங்கற தைரியத்துல எழுதியிருக்கேன். டைலரிங் மேட்டரை யாரும் அவங்ககிட்ட போட்டுக் கொடுத்துடாதீங்க மக்கா.