வன்சொல்லை அழித்துவிட்டால் மட்டும் போதுமா?

பாராளுமன்றத்தில் உறுப்பினரொருவர் சபைக்கு ஒவ்வாத சொற்களைப் பயன்படுத்தும்போது, அவற்றை ஹன்சாட் அறிக்கையிலிருந்து நீக்குமாறு சபாநாயகர் பணிப்பதுண்டு. அவ்வாறு நீக்கப்பட்ட இடம் வெறுமையாக விடப்படுவதில்லை. அக்கிராசனத்தின் கட்டளைப்படி அகற்றப்பட்டதாக ஒரு குறிப்பு அங்கே பதியப்படுகின்றது. அந்தச் சொல் மறைந்துவிடுகின்றது. ஆயினும், சொல்லத்தகாத ஒன்று அங்கே சொல்லப்பட்டது என்பதும், எவரது அதிகாரத்தின் கீழ் அது நீக்கப்பட்டது என்பதும் எஞ்சி நிற்கின்றன.

சமூக ஊடகங்களில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. இன்னொரு சமூகத்தவரின் வழிபாட்டையோ, உடையையோ, இறந்தோரையோ இழிவுபடுத்தி ஒருவர் இரவில் எழுதுகின்றார். எதிர்ப்புக் கிளம்பியதும் அதனை அழித்துவிட்டு, தாம் அப்படி எதனையும் எழுதவில்லை என்று காலையில் சாதிக்கின்றார். அதற்கிடையில் அதன் திரைப்பிரதி எண்ணற்ற கைத்தொலைபேசிகளைச் சென்றடைந்து விடுகின்றது. எழுதியவர் தப்பிவிட, அவர் சார்ந்த சமூகம் முழுவதும் அச்சொல்லுக்குப் பொறுப்பாளியாக்கப்படுகின்றது. கிழக்கிலே வேலிக்கு இருபுறமும் வாழ்கின்ற தமிழ், முஸ்லிம் மக்கள் இதன் விளைவை நன்கறிவர்.

வெறுப்புப் பேச்சு உரிய வேளையில் நீக்கப்படாவிடின் என்ன நேரும் என்பதை 2018 மார்ச் மாதம் கண்டோம். கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, சிங்கள மொழியில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகள் முகநூலில் அப்படியே கிடந்தன. அம்மொழியை வாசித்தறியக்கூடிய பணியாளர்கள் அந்நிறுவனத்திடம் போதியளவில் இருக்கவில்லை. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்ததுடன் சமூக ஊடகங்களையும் முடக்கியது. தனது தளம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டமைக்காக அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது 2020 மே மாதத்திலேயே ஆகும்.

சொல்லைப் பிழையாகப் பொருள்கொள்வதும் ஆபத்தானதே. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரான பதற்றத்தின் மத்தியில், 2019 மே 12 ஆம் திகதி சிலாபத்தில் முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒருவரிக் கருத்து அச்சுறுத்தலாக விளங்கிக்கொள்ளப்பட்டது. மறுநாள் வடமேல் மாகாணத்தின் பல ஊர்களில் வன்முறை பரவி, உயிரிழப்பும் நேர்ந்தது.

அவ்வாறாயின் சட்டத்தின் கையில் இதனை ஒப்படைத்துவிடலாமா? அனுபவம் நம்பிக்கையூட்டுவதாக இல்லை. வெறுப்புப் பிரசாரத்துக்கு எழுத்தின் மூலம் பதிலளிக்க வேண்டும் என்று முகநூலில் எழுதிய ஓய்வுபெற்ற முஸ்லிம் அரச அலுவலர் ஒருவர் 2020 ஏப்ரலில் கைது செய்யப்பட்டு, ஐந்து மாதங்களுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2023 நவம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. 2024 ஜனவரி 24 ஆம் திகதி ஆதரவாக 108 வாக்குகளும் எதிராக 62 வாக்குகளும் பெற்று நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவரடங்கிய ஆணைக்குழுவொன்றுக்கு வழங்கியது. சிறுபான்மையினரைக் காக்கவென வரும் சட்டம் சிறுபான்மையினர் மீதே முதலில் பாய்வது இந்நாட்டில் புதிதல்லவே.

ஆகையால், பெரும்பங்குப் பொறுப்பு நம்மிடமே உள்ளது. இன்று ஆலய பரிபாலன சபைக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் தத்தமக்கென வட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. அவற்றை நடத்துவோர் வன்சொல்லைத் தாமதமின்றி நீக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், நீக்கியதோடு தமது கடமை முடிந்ததாகக் கருதலாகாது. எவ்வகையான கருத்து, எந்த விதியின்படி நீக்கப்பட்டது என்பதை, அந்தச் சொல்லைத் திரும்பக் கூறாமலே, அனைவருக்கும் அறிவிக்க வேண்டும். எழுதியவருக்குத் தனிப்படக் காரணம் கூறி, அவரது விளக்கத்தையும் கேட்க வேண்டும். கடுமையான விமர்சனத்தையும் ஒரு சமூகத்தை இழிவுபடுத்தும் பேச்சையும் ஒன்றாக எண்ணி இரண்டையும் அழிப்பது, விமர்சிப்போரின் வாயை அடைப்பதிலேயே போய் முடியும்.

தாமே எழுதித் தாமே அழிப்பவர்களுக்கும் ஒன்று கூற விரும்புகின்றோம். அச்சேறிய பிழையைப் பத்திரிகையால் மீளப்பெற முடியாது. அதனாலேயே, பிழை நேர்ந்த பத்திரிகையிலேயே திருத்தமும் வருத்தமும் வெளியிடும் மரபு உருவாகியது. எங்கே புண்படுத்தினோமோ அங்கேயே வருத்தம் தெரிவிப்பது எவருக்கும் இழுக்காகாது. திரைப்பிரதிகளைப் பாதுகாத்து வைத்து, பகை மூளும் வேளையில் பரப்புவோரும் முதலில் எழுதியவரைவிடக் குறைந்த குற்றவாளிகளல்லர்.

ஒரு சொல்லை அழிப்பதற்கு ஒரு விரலசைவு போதும். அதனால் அயலவரிடத்தில் இழந்த நம்பிக்கையை மீட்பதற்கு, சொன்னதை ஒப்புக்கொள்ளும் நேர்மை வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் வீட்டிலிருந்தே இதனைத் தொடங்குவார்களாக.