அந்த அக்டோபர் வாரம்: கெடா வாழ் தமிழ் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு தாமான் வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். எங்களில் சிலருடைய தாத்தாக்கள் நேதாஜியின் படையில் இருந்தார்கள். சிலருடைய தாத்தாக்கள் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பவில்லை. அண்ணன் சயாமிலும் தம்பி பட்டாளத்திலுமாகப் பிரிந்த குடும்பங்களும் உண்டு.

அக்டோபர் பிறந்தால் நேதாஜியின் பேச்சு எழுகிறது. பேச்சு எழுந்தால் சண்டையும் எழுகிறது. 1943இல் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசு பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் அறிவித்தது நியாயமா என்பதுதான் வழக்கு. ஒரு தரப்பு, “ஜப்பான்காரனுக்குக் கொடி பிடித்த கூட்டம்” என்கிறது. மறுதரப்பு, “துரைக்குச் சலாம் போட்ட கூட்டம்” என்கிறது. கொஞ்ச நேரத்தில் தாத்தாக்கள் மறந்துபோய், யார் எந்தக் கட்சி, யார் எந்தக் கோயில் நிர்வாகம் என்பதில் வந்து நிற்கிறது. போன முறை கோயில் மண்டபத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில், தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு பாட்டி பேச வந்து, சத்தம் தாங்காமல் பேசாமலே வீட்டுக்குப் போனார். அந்த வெட்கம்தான் எங்களை எழுத வைத்தது.

வாதாட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வாதாட வேண்டிய விஷயம்தான் அது. ஆனால் தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுவோம்.

1943 அக்டோபர் 17: ஜப்பானியர் போட்ட சயாம் – பர்மா ரயில் பாதையின் இரு முனைகளும் காட்டுக்குள் ஒன்றுசேர்ந்தன. 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் அதற்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். மறுநாள், 18ஆம் தேதி, கெடாவும் பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானுவும் முறைப்படி சயாமின் கைக்கு மாறின. 21ஆம் தேதி சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் என்ற சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு பிறந்தது. 22ஆம் தேதி கேப்டன் லட்சுமியின் தலைமையில், நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. 23ஆம் தேதி நள்ளிரவில் போர் அறிவிப்பு.

எல்லாம் ஒரே வாரம். அந்த வாரம் பீடோங்கில் பால் மரம் சீவிய ஒருவர் எந்த அரசின் குடிமகன்? பிரிட்டிஷ் அரசர் எங்கோ இருந்தார். ஜப்பானியர் போகாமல் இருந்தார்கள். சயாம்காரர் வந்திருந்தார்கள். சிங்கப்பூரில் ஓர் இந்திய அரசு அவர் பெயரால் போர் அறிவித்தது. நான்கு அரசுகளில் ஒன்றும் அவரைக் கேட்கவில்லை.

நேதாஜியின் அரசு போரிட்டது நியாயம் என்பவர்களுக்கு வலுவான காரணங்கள் உண்டு. 1939 செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கலக்காமல் இந்தியாவைப் போரில் இறக்கினார். அதை எதிர்த்துத்தான் சென்னையில் ராஜாஜியின் அமைச்சரவை உட்பட காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. இங்கே, 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்பதும் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று. பதிலாகத் துப்பாக்கிக் குண்டு வந்தது. அந்த ஆட்சிக்கு எதிராக ஆயுதம் எடுக்க வேறு காரணம் வேண்டாம் என்றே எங்களில் பெரும்பாலோர் நினைக்கிறோம். கெடாவுக்கு இதில் தனிப் பங்கும் உண்டு. ஜித்ராவில் பிரிட்டிஷ் படை தோற்ற பிறகு, 1941 டிசம்பர் நடுவில், அந்தப் படையிலிருந்த கேப்டன் மோகன் சிங் ஜப்பானிய மேஜர் புஜிவாராவைச் சந்தித்துப் பேசியது அலோர் ஸ்டாரில். இந்திய தேசிய ராணுவம் என்ற எண்ணம் முளைத்த மண் இது.

மறுதரப்பின் கேள்வியும் லேசானதல்ல. நேதாஜி சிங்கப்பூர் வந்து இறங்கியது 1943 ஜூலையில். அந்த மாதங்களில்தான் சயாம் காட்டில் காலரா, நம் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்தது. நட்பு நாடான ஜப்பான் செய்த கொடுமையை அந்த அரசு கேட்டதா? பாதை முடிந்த பிறகுதான் அரசே பிறந்தது என்று பதில் சொல்வார்கள். பாதையைப் பழுது பார்க்க அதற்குப் பிறகும் ஆள் போய்க்கொண்டுதானே இருந்தது என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டும் உண்மை. சயாமுக்குப் பிடித்துப் போவார்களே என்று பயந்து பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் உண்டு. பேச்சைக் கேட்டு நெஞ்சு கொதித்துச் சேர்ந்தவர்களும் உண்டு. நேதாஜியின் நிதிக்குக் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்த பெண்களில் யார் மனமுவந்து கொடுத்தார்கள், யார் கங்காணி பார்க்கிறாரே என்று கொடுத்தார்கள் என்று இன்று நாம் தீர்ப்பு சொல்ல முடியாது.

இன்னொன்று. ஜான்சி ராணிப் படைப் பெண்கள் ரங்கூனுக்குப் போனது அதே சயாம் ரயிலில்தான். அண்ணன்கள் செத்துச் செத்துப் போட்ட தண்டவாளத்தில் தங்கைகள் போருக்குப் போனார்கள். இதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் வெற்றி கொண்டாட முடியாது. நாவலாசிரியர் அ. ரெங்கசாமி சயாம் ரயிலைப் பற்றி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார், இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி ‘இமயத் தியாகம்’ எழுதினார். இரண்டும் ஒரே பேனாவால் முடிந்தது. நமக்கு ஒரே மண்டபத்தில் முடியவில்லை.

  

சயாம் பாதையோரத்துக் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் வரிசையாக உறங்குகிறார்கள். பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதே பாதையில் அதைவிடப் பல மடங்கு செத்த நம் ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் பதிவேட்டில் இருந்த பெயர்கள் தோட்டத்தோடு போய்விட்டன.

அதனால் கேட்கிறோம். இந்த அக்டோபர் 21 கூட்டத்தில் நேதாஜி படத்துக்கு மாலை போடும்போது, சயாமில் இறந்தவர்களுக்கும் அதே மேடையில் விளக்கு ஏற்றுங்கள். மேடையில் கட்சிக் கொடி வேண்டாம். கைக்கூலி, துரோகி என்ற இரண்டு சொற்களையும் செருப்போடு வாசலில் விட்டு வாருங்கள். முதல் ஒரு மணி நேரம் எண்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும். அவர்கள் பேசி முடித்த பிறகு நாம் விடிய விடிய வாதாடலாம், டீ நாங்கள் போடுகிறோம்.

வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். பட்டாளத்துச் சான்றிதழ், ஜப்பான் காலத்து வாழை மர நோட்டு, மங்கிப்போன படம், எதுவானாலும் கொண்டுவாருங்கள். படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தருகிறோம். ஒன்றும் இல்லையென்றால், உங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர் பெயர், தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். பாட்டி மட்டும்தான் அந்தப் பெயரைச் சொல்ல முடியும் என்றால், இன்று இரவே கேளுங்கள்.