மிக்ஸிங் பண்ண எலிக்குட்டி ஒண்ணே போதுமாம்ல!

போன வாரம் அரியலூர்ல இருந்து நண்பர் ஒருத்தர் பெரம்பலூருக்கு, நம்ம வீட்டுக்கு வந்திருந்தார். கோயில் திருவிழா, கல்யாணக் கச்சேரிக்கெல்லாம் சவுண்ட் சர்வீஸ் பண்றவர். என் மேஜையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏம்ப்பா, பாட்டு ரெக்கார்ட் பண்றியா, இல்ல கரண்ட் ஆபீஸ் எதும் நடத்துறியா?"

அப்படி என்ன பெருசா இருக்கு? மூணே சாமான். எட்டு ஃபேடர் உள்ள கோர்க் நானோகன்ட்ரோல் 2, ஒத்தை மோட்டார் ஃபேடர் உள்ள பிரிசோனஸ் ஃபேடர்போர்ட், அப்புறம் கண்ணாடி கீறல் விழுந்த ஒரு பழைய ஸ்மார்ட்போன். மூணும் ஒரே நேரத்துல ரீப்பர் மென்பொருளோட பேசிட்டிருக்கு.

நண்பர் காசு வாங்காம ரெண்டு அறிவுரை குடுத்தார். ஒண்ணு: "எல்லாத்தையும் எலிக்குட்டியாலேயே பண்ணிடலாமே, எதுக்கு வெட்டிச் செலவு?" நான் முறைச்சதும் ரெண்டாவது: "வாங்குறதுன்னா பெருசா ஒண்ணா வாங்கு. ஏன் இப்படித் துண்டு துண்டா?"

இந்த ரெண்டையும் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு மக்களே. ரெண்டும் தப்புங்கறது என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

முதல்ல எலிக்குட்டி. எங்க பக்கத்து கிராமத்து ஆயா ஒருத்தரோட ஒப்பாரியை ரெக்கார்ட் பண்ணினேன். ஒப்பாரி கேட்டவங்களுக்குத் தெரியும், ஒரே அடியில ஊரைக் கூட்டுற சத்தமும் இருக்கும், தனக்குத்தானே முனகுறதும் இருக்கும். ரெண்டு ராத்திரி உக்காந்து எலிக்குட்டியால வால்யூம் கோடு வரைஞ்சேன். மேடு வர்ற இடத்துல இறக்கி, பள்ளத்துல ஏத்தி, திரையில பார்க்க அவ்வளவு அழகு! ஆயாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டுச் சொன்னாங்க: "பாடுறது நான்தான் சாமி. ஆனா நான் அழுவலையே."

செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. நான் காதால மிக்ஸ் பண்ணலை, கண்ணால பண்ணியிருக்கேன். மேடா தெரிஞ்சதையெல்லாம் சமன் பண்ணினதுல அழுகையையே சமன் பண்ணிட்டேன்.

ஆட்டோமேஷன்ங்கறது ஒலியை அழிக்காது, நல்லவேளை. வரைஞ்ச கோட்டைத் தூக்கிப் போட்டுட்டு, 'டச்' முறையில வெச்சு, கண்ணை மூடிட்டு ஃபேடர்ல விரலை வெச்சேன். விரல் தொடுற வரைக்கும்தான் அது எழுதும். எடுத்தா பழைய அளவுக்கே போயிடும். மூணு தடவை பாட்டு ஓடுச்சு, வேலை முடிஞ்சுது. கண்ணை மூடிட்டு எலிக்குட்டியைப் பிடிச்சு இதைப் பண்ண முடியுமா? சொல்லுங்க பார்ப்போம்.

சரி, அடுத்தது "பெருசா ஒண்ணு" கோஷ்டி.

இதை எங்க ஊர்க்காரன்கிட்டயா சொல்றது? 1995ல திருச்சியில இருந்து பிரிஞ்சு பெரம்பலூர் மாவட்டம் ஆச்சு. 2001ல அரியலூர் தனியாப் போச்சு. அடுத்த வருஷமே திரும்பச் சேர்த்தாங்க. 2007ல மறுபடி பிரிச்சாங்க. ஒரே ஆபீஸ்ல எல்லா வேலையும்னா என்ன ஆகும்னு ஜெயங்கொண்டத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுக்கு வந்தவங்களைக் கேளுங்க.

பெரிய கன்ட்ரோலரும் அதே கதைதான். எட்டு ஃபேடர் இருக்கும். ஒரு பட்டனை அமுக்கினா அடுத்த எட்டு டிராக், இன்னொண்ணை அமுக்கினா எஃபெக்ட். இப்போ இந்த ஃபேடர் தவிலா, நாதஸ்வரமா, எக்கோவா? திரையைப் பார்த்தாத்தான் தெரியும். திரும்பவும் கண்ணு! அதுக்கு எலிக்குட்டியே தேவலையே.

சின்னது மூணு இருந்தா ஒவ்வொண்ணுக்கும் நிரந்தர உத்தியோகம். மோட்டார் ஃபேடருக்கு எந்த டிராக்கைத் தேர்ந்தெடுத்தேனோ அதோட வால்யூம் மட்டும். நானோவுக்கு ரீவெர்ப், டிலே, ஈக்யூ மட்டும். போன், மைக் இருக்குற அறையில. ரீப்பர்ல வெப் பிரவுசர் கன்ட்ரோல் இருக்கு. ஒரே வைஃபைல இருந்தா போதும், பாடுறவர் பக்கத்துல நின்னே ரெக்கார்டை ஆன் பண்ணலாம்.

இந்தப் பங்கீட்டுக்குக் காரணமும் இருக்கு. நானோ அனுப்புறது சாதாரண மிடி எண்கள், 0 முதல் 127 வரை, 128 படிதான். ரீவெர்புக்கு அது தாராளம். மேக்கி கன்ட்ரோல் முறையில ஃபேடர் அளவு பிட்ச் பெண்ட் செய்தியாப் போகும், அதுல 16,384 படிக்கு இடம் உண்டு. குரலை நூல் பிடிச்ச மாதிரி ஏத்தி இறக்க அந்த வழிதான் சரி.

"ஒண்ணுக்கு மேல மாட்டினா குழம்பிடும்"னு சொல்றவங்களுக்கு: குழப்பம் சாமான்ல இல்லை, செட்டிங்ல இருக்கு. மேக்கி முறையில எட்டு ஃபேடர் பெட்டி ரெண்டு வெச்சிருந்தா ரெண்டாவதுக்கு ஆஃப்செட் 8 குடுங்க. இல்லேன்னா ரெண்டும் அதே எட்டு டிராக்கைப் பிடிச்சு இழுக்கும். கன்ட்ரோலரோட மிடி போர்ட்டை டிராக் இன்புட்டா வைக்காதீங்க, ஃபேடர் அசைவெல்லாம் பாட்டுக்குள்ள பதிவாகும். மோட்டார் இல்லாத ஃபேடரை எஃபெக்டுக்குப் பழக்கும்போது 'சாஃப்ட் டேக்ஓவர்' டிக் பண்ணுங்க. இல்லைன்னா தொட்டதும் அளவு துள்ளும்.

குறையே இல்லையான்னா, இருக்கு. மோட்டார் ஃபேடர் ஓடுற சத்தம் அதே அறையில உள்ள மைக்ல விழும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓடுற ரோட்டோரத்துல வீடுன்னா தூசி ஃபேடரைத் தின்னுடும். வேலை முடிஞ்சதும் பழைய வேட்டியைப் போட்டு மூடுறேன்.

இன்னொரு கோஷ்டியும் உண்டு. வரிசையா லைட் எரியுற கன்ட்ரோலரை போட்டோவுக்கு வெச்சுட்டு, எலிக்குட்டியால மிக்ஸ் பண்றவங்க. அவங்களைவிட வெறும் எலிக்குட்டிக்காரர் எவ்வளவோ மேல்!

ஒப்பாரியும் பறையும் தெரிஞ்ச பெரியவங்க எங்க ரெண்டு மாவட்டத்துலயும் குறைஞ்சுட்டே வர்றாங்க. அவங்க குரலை நம்ம மாதிரி வீட்டு அறைக்காரங்கதான் பிடிச்சு வைக்கப் போறோம். கோடு நேரா இருக்கான்னு பார்த்து வெச்சோம்னா, அடுத்த தலைமுறைக்குப் பாட்டு கிடைக்கும், அழுகை கிடைக்காது.

எலிக்குட்டிக் கட்சிக்காரங்க பின்னூட்டத்துல வந்து தாராளமாத் திட்டலாம் :-)

பி.கு: அரியலூர் நண்பர் கிளம்பும்போது ஃபேடர்போர்ட் என்ன விலைன்னு கேட்டுட்டுப் போனார்.