விலைக்குள் ஒளிந்த வரி

வரி என்னும் சொல்லைக் கேட்டவுடன் அரசாங்கமே நம் நினைவுக்கு வருகிறது. மக்கள் மன்றத்தில் விவாதித்து, சட்டமாக்கி, அரசிதழில் வெளியிட்டு வாங்குவதே வரி என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஆயினும், எந்த மன்றமும் விவாதிக்காத ஒரு வரியை நாம் நாள்தோறும் செலுத்தி வருகிறோம். அரிசி வாங்கும்போதும் செலுத்துகிறோம். பிள்ளைக்குப் பள்ளிக் காலணி வாங்கும்போதும் செலுத்துகிறோம். எந்தப் பற்றுச்சீட்டிலும் அது அச்சாவதில்லை. கடன் அட்டைக்கும் பற்று அட்டைக்கும் கைப்பேசிவழிக் கட்டணத்துக்கும் வணிகரிடமிருந்து கழித்துக்கொள்ளப்படும் கட்டணமே அந்த வரி.

"இது வங்கியாளர் பேச வேண்டிய பொருள், தமிழாசிரியருக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்பார் உண்டு. விழுக்காட்டுக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுகிறவர் யார்? நாம்தாம். நம் மாணவருள் சில்லறை வணிகர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்! அன்றாடக் கூலியை ரொக்கமாக வாங்கி ரொக்கமாகவே செலவிடும் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுடைய வீட்டு அடுப்பைத் தொடுகின்ற ஒரு கணக்கை நாம் அறியாதிருப்பது பெருமை ஆகாது.

முதலில் அந்தக் கட்டணம் நடக்கும் வழியைப் பார்ப்போம். ஒருவர் 100 வெள்ளிக்குப் பொருள் வாங்கிக் கடன் அட்டையை நீட்டுகிறார். கடைக்காரரின் கணக்கில் 100 வெள்ளி வந்து சேர்வதில்லை. எடுத்துக்காட்டாக, கட்டணம் ஒன்றரை விழுக்காடு என்று கொண்டால், 98 வெள்ளி 50 காசுதான் வரும். எஞ்சிய 150 காசு மூன்று கைகளுக்குப் பிரிகிறது. வாங்கியவருக்கு அட்டை வழங்கிய வங்கிக்கு ஒரு பங்கு. விசா, மாஸ்டர்கார்டு போன்ற இணைப்பு நிறுவனத்துக்கு ஒரு பங்கு. கடையில் அட்டைப் பொறியை வைத்த வங்கிக்கு ஒரு பங்கு. இவற்றுள் முதற்பங்கே பெரும்பாலும் பெரியது. அதனை வங்கிகளுக்கிடைக் கட்டணம் என்பர்.

நூற்றுக்கு ஒன்றரை என்பது அற்பத் தொகை என்று தோன்றலாம். தோற்றம் ஏமாற்றுகிறது. கட்டணம் இலாபத்தின் மீது கணக்கிடப்படுவதில்லை. முழு விலையின் மீது கணக்கிடப்படுகிறது. நூறு வெள்ளி விற்றால் ஐந்து வெள்ளி மிஞ்சும் மளிகைக் கடைக்காரருக்கு, ஒன்றரை வெள்ளி என்பது இலாபத்தில் நூற்றுக்கு முப்பது. எண்ணெய் நிலையக்காரரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நம் நாட்டில் அவருக்குக் கிடைக்கும் தரகு லிட்டருக்கு இத்தனை காசு என்று வரையறுக்கப்பட்டது. 2021 பிப்ரவரியிலிருந்து பல ஆண்டுகள் ரோன் 95 எண்ணெயின் விலை 2 வெள்ளி 5 காசாக நிறுத்திவைக்கப்பட்டது. தரகு 15 காசு என்றும் கட்டணம் ஒரு விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். 205 காசின் மீது கட்டணம் இரண்டு காசுக்குச் சற்று மேல். தரகில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. விலையையும் அவர் உயர்த்த முடியாது. அட்டையையும் மறுக்க முடியாது. இதை ஐந்தாம் ஆண்டு மாணவன் கணக்கிட்டுவிடுவான். பெரியவர்கள்தாம் கணக்கிட மறுக்கிறோம்.

விலையை உயர்த்தக்கூடிய வணிகர் என்ன செய்கிறார்? உயர்த்துகிறார். அட்டை நீட்டுபவருக்கு மட்டுமா? இல்லை, எல்லாருக்கும். இங்கேதான் அநீதி தொடங்குகிறது. அட்டை வைத்திருப்பவர் அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியை வெகுமதிப் புள்ளியாகவும் பணத்தள்ளுபடியாகவும் திரும்பப் பெறுகிறார். வருமானம் மிகுந்தவருக்கு வழங்கப்படும் அட்டையில் வெகுமதியும் மிகுதி. ரொக்கம் கொடுக்கும் மூதாட்டியோ உயர்த்தப்பட்ட அதே விலையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறார். ஒருவருடைய இலவச விமானப் பயணத்துக்கு இன்னொருவருடைய பருப்பு விலை உதவுகிறது என்றால் அது மிகையாகாது.

இது வெறும் ஊகம் அன்று. அமெரிக்காவின் பாஸ்டன் கூட்டரசு ரிசர்வ் வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010-இல் இதனைக் கணக்கிட்டனர். ரொக்கத்தில் வாங்கும் சராசரிக் குடும்பம் ஒன்று ஆண்டுக்கு 149 டாலரை அட்டைக் குடும்பங்களுக்கு மறைமுகமாகக் கொடுக்கிறது என்றும், அட்டைக் குடும்பம் ஒன்று ஆண்டுக்கு 1,133 டாலர் பெறுகிறது என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். அது அமெரிக்க நிலவரம். நம் நாட்டின் தொகை வேறாக இருக்கும். ஆனால் நீர் பாயும் திசை ஒன்றே: இல்லாதவரிடமிருந்து இருப்பவரிடம்.

"போட்டி பெருகினால் கட்டணம் தானே குறையும்" என்பது வழக்கமான விடை. காய்கறிச் சந்தையில் அது மெய். அட்டைச் சந்தையில் அது தலைகீழ். இணைப்பு நிறுவனங்கள் போட்டியிடுவது கடைக்காரரைக் கவர அன்று. அட்டை வழங்கும் வங்கிகளைக் கவர. எந்த இணைப்பில் வங்கிக்கு வருவாய் மிகுதியோ அந்த அட்டையையே வங்கி விரும்பி வழங்கும். ஆகவே போட்டியே கட்டணத்தை மேலே தள்ளுகிறது. கட்டணத்தைச் செலுத்துபவர் கடைக்காரர். அட்டையைத் தேர்ந்தெடுப்பவர் வாங்குபவர். வருவாய் பெறுவது வங்கி. தேர்ந்தெடுப்பவருக்குச் செலவு தெரியாத சந்தையில் விலை எப்படிக் குறையும்?

இதனை உணர்ந்தே பல நாடுகளின் அரசுகள் தலையிட்டன. ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி 2003-இல் கடன் அட்டைக் கட்டணத்தைக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 டிசம்பரில் பற்று அட்டைக்கு 0.2 விழுக்காடும் கடன் அட்டைக்கு 0.3 விழுக்காடும் வங்கிகளுக்கிடைக் கட்டணத்தின் உச்சவரம்பு என விதித்தது. நம் பேங்க் நெகாராவும் 2014 டிசம்பரில் சீர்திருத்தத் திட்டத்தை வெளியிட்டு, 2015 ஜூலை முதல் உச்சவரம்புகளை நடைமுறைப்படுத்தியது. கடன் அட்டையைவிடப் பற்று அட்டைக்கு வரம்பு மிகக் குறைவு. அது முறையே. கடன் அட்டையில் வங்கி தன் பணத்தைக் கடனாகத் தருகிறது. பற்று அட்டையில் வாடிக்கையாளரின் சொந்தப் பணத்தைத்தானே இடம் மாற்றுகிறது! நல்ல செயலைச் செய்தவரை நாம் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் உச்சவரம்பு கட்டணத்தைக் குறைத்ததே தவிர, அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரவில்லை.

பின்னர் கியூஆர் குறியீடு வந்தது. அங்காடிக் கடையிலும் பூக்கடையிலும் டூயிட்நவ் அட்டை தொங்குகிறது. பொறி வாங்க வேண்டியதில்லை, வாடகை இல்லை. சிறுவணிகர் மகிழ்ந்தனர். 2023 அக்டோபரில், நவம்பர் முதல் அதற்கும் வணிகரிடம் கட்டணம் வாங்கப்படலாம் என்ற செய்தி வந்தபோது நாடெங்கும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. வங்கிகள் பல அக்கட்டணத்தை வாங்காமல் விட முன்வந்தன. அந்த நிகழ்ச்சி நமக்கு ஒரு பாடம். மறைந்திருந்த கட்டணத்தைப் பற்றிப் பல்லாண்டுகள் வாய் திறவாத மக்கள், கட்டணம் கண்ணுக்குத் தெரிந்த அன்றே பேசினர். தெரிந்தால் மக்கள் கேட்பர். தெரியக்கூடாது என்பதனால்தானோ அதைப் பற்றுச்சீட்டில் அச்சிடுவதில்லை?

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. ரொக்கமும் செலவில்லாதது அன்று. எண்ண வேண்டும், பாதுகாக்க வேண்டும், வங்கிக்கு எடுத்துச் செல்ல வேண்டும், வழியில் பறிபோகும் அச்சமும் உண்டு. மின்வழிக் கட்டணத்துக்குக் கணினிகள் வேண்டும்; மோசடித் தடுப்பு வேண்டும். இவற்றை வங்கிகள் அறத்துக்காகச் செய்ய இயலாது. இந்தியா 2020 ஜனவரி முதல் ரூபே பற்று அட்டைக்கும் யூபிஐ முறைக்கும் வணிகர் கட்டணத்தை அறவே நீக்கியது. பிறகு என்ன நடந்தது? வங்கிகளுக்கு ஊக்கத்தொகை என்று அரசின் கருவூலத்திலிருந்து பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. கடைக்காரரின் சுமை வரி செலுத்துவோரின் தோளுக்கு மாறியது, சுமை மறையவில்லை. ஆகவே "எல்லாம் இலவசம்" என்னும் முழக்கத்தை நான் ஏற்கவில்லை. இலவசம் என்பதும் இன்னொரு மறைப்பே.

கட்டணத்தைக் குறைத்தாலும் வணிகர் விலையைக் குறைப்பாரா என்ற கேள்வியும் நியாயமானதே. அமெரிக்காவில் 2011 அக்டோபர் முதல் பெரிய வங்கிகளின் பற்று அட்டைக் கட்டணத்துக்கு வரம்பு வந்தது. ஒரு பரிமாற்றத்துக்கு 21 சென்ட்டும் தொகையில் 0.05 விழுக்காடும் என்பது அதன் அடிப்படை. பெருங்கடைகள் பயனடைந்தன. ஆனால் சிறுதொகை விற்பனைக்கு அதுவரை இருந்த சலுகையை இணைப்பு நிறுவனங்கள் கைவிட்டன. உச்சவரம்பே அடிவரம்பாக மாறியது. ஒரு குவளைக் காப்பி விற்பவருக்குக் கட்டணம் முன்னைவிடக் கூடியது. வணிகர் பலர் விலையைக் குறைக்கவும் இல்லை. சட்டம் மட்டும் போதாது. அதன் வடிவமும் சரியாக இருக்க வேண்டும். அதைக் கண்காணிக்கும் கண்களும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

அப்படியானால் நாம் கேட்க வேண்டியது யாது? மூன்று தரப்பினரிடம் மூன்று.

வங்கிகளிடம் நாம் கேட்பது வெளிப்படை. ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் "இப்பரிமாற்றத்துக்கான கட்டணம் இவ்வளவு" என்று ஒரு வரி அச்சாகட்டும். விற்பனை வரியை அச்சிட முடிகிற பொறிக்கு இது இயலாத காரியமா? சிறுதொகைக்குச் சிறு விழுக்காடும், பெருந்தொகைக்கு இத்தனை காசுக்கு மேல் இல்லை என்னும் வரம்பும் இருக்கட்டும். பத்து வெள்ளியை இடம் மாற்றவும் ஆயிரம் வெள்ளியை இடம் மாற்றவும் கணினி கொள்ளும் உழைப்பு ஏறத்தாழ ஒன்றே அன்றோ? அங்காடிக்காரரும் பூ விற்பவரும் பயன்படுத்தும் கியூஆர் முறையில் சிறுவணிகருக்கு விலக்கு நீடிக்கட்டும். வங்கிக்கு அதில் நட்டமில்லை. ரொக்கத்தைச் சுமக்கும் செலவு குறைகிறது. வணிகரின் பணம் வைப்பாக வங்கியிலேயே தங்குகிறது.

வணிகரிடம் நாம் கேட்பது நாணயம். "முப்பது வெள்ளிக்குக் குறைந்தால் அட்டை செல்லாது" என்று எழுதி ஒட்டுவதோடு கடமை முடிந்துவிடாது. மாதந்தோறும் வங்கி அனுப்பும் கணக்கறிக்கையைப் பிரித்துப் படியுங்கள். எந்த வகைக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். வேறு வங்கியின் விகிதத்தோடு ஒப்பிடுங்கள். ஆஸ்திரேலியாவில் அட்டைக்குக் கூடுதல் வாங்க அனுமதி கிடைத்ததும் சிலர் உண்மைச் செலவைவிட மிகுதியாக வாங்கினர். அதனைத் தடுக்க 2016-இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. வங்கியின் பேராசையைக் கண்டிக்கும் உரிமை, தம் பேராசையை அடக்கியவருக்கே உண்டு. கட்டணம் குறைந்தால் விலையிலும் அது தெரியட்டும். ரொக்கத்தை மறுக்காதீர்கள். தோட்டப்புறக் கடைகளில் 555 குறிப்பேட்டில் எழுதிக் கடன் கொடுத்து, சம்பள நாள்வரை பொறுத்திருந்த வணிகரின் வழிவந்தவர்கள் நீங்கள். அந்தக் குறிப்பேட்டில் விலை, பாக்கி இரண்டும் இரு தரப்புக்கும் தெரிந்தன. அந்த வெளிப்படையே இன்றைய பொறிக்கும் வேண்டும்.

மூன்றாவது தரப்பு நாம். பட்டினப்பாலையை வகுப்பில் நடத்துகிறோம். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றுபோல் மதித்து, விலையை வெளிப்படச் சொல்லி விற்ற காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழ்ந்து பேசுகிறோம். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியும் கேட்கிறோம். அத்தோடு நிறுத்திக்கொண்டால் இலக்கியம் ஏட்டில் உறங்கும். அதே வாரத்துக் கணக்குப் பாடத்தில், நூறு வெள்ளி விற்பனையில் யார் யாருக்கு எத்தனை காசு போகிறது என்று மாணவரைக் கணக்கிடச் சொல்லுவோம். தந்தையின் கடைக் கணக்கறிக்கையைத் தமிழில் விளக்கிச் சொல்லும் ஆற்றலை மகளுக்குத் தருவோம். வெகுமதிப் புள்ளி வானத்திலிருந்து விழுவதில்லை, அடுத்த வீட்டுக்காரரின் விலைச்சீட்டிலிருந்து வருகிறது என்பதை இளைஞருக்கு எடுத்துரைப்போம்.

மக்கள் மன்றம் விதிக்கும் வரியையே ஏன், எதற்கு என்று கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு. எவரும் விதிக்காமல் வந்து நிற்கும் வரியைக் கேள்வி கேட்க நமக்கென்ன தயக்கம்? கட்டணம் வாங்குங்கள், உழைப்புக்கு ஏற்ற அளவில் வாங்குங்கள், எங்கள் கண்முன் வாங்குங்கள். இதைக் கேட்பதற்குத் துணிவுகூடத் தேவையில்லை. விழுக்காட்டுக் கணக்கு தெரிந்தால் போதும். அதைக் கற்பிக்கும் பொறுப்பு நம்முடையது.